வரி போக மீந்த பணம்

8 டாலர் 41 சென்ட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நான் குடியிருக்கும் ஓக்லண்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஒருவருடைய வீடு ஏலம் போனதற்கு ஆரம்பம் இந்தத் தொகைதான். சவுத்ஃபீல்ட் நகரத்தில் 2011-ல் உரி ரஃபேலி என்பவரின் நிறுவனம் 60,000 டாலருக்கு ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு விடுவதற்காக வாங்கியது. அந்த ஆண்டின் சொத்து வரியில் 496 டாலர் குறைவாகக் கட்டியிருந்தார்கள். 2013-ல் அந்தப் பாக்கியைக் கட்டினார்கள். ஆனால் நடுவில் ஓடிய மாதங்களுக்கான வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்த வட்டிதான் 8 டாலர் 41 சென்ட். அது அபராதமும் கட்டணமும் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட்டாக வளர்ந்தது. 2014-ல் கவுண்டி வீட்டை 24,500 டாலருக்கு ஏலத்தில் விற்றது. தனக்கு வர வேண்டிய முந்நூறு டாலருக்கும் குறைவான தொகையை எடுத்துக்கொண்டது சரி. மீதி 24,000 டாலருக்கு மேல் இருந்ததே, அதையும் தானே வைத்துக்கொண்டது. அன்றைய மிச்சிகன் சட்டம் அப்படித்தான் செய்யச் சொன்னது.

நம் ஊரில் வங்கியில் அடகு வைத்த நகை மீட்க முடியாமல் ஏலம் போனால், அசலும் வட்டியும் செலவும் போக மிச்சத்தை நகைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும். வளையல் அத்தனையும் வங்கிக்கே சொந்தம் என்று எந்த மேலாளரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு மட்டும், அதிலும் அரசாங்கம் ஏலம் போட்டால் மட்டும், இந்த எளிய நியாயம் இங்கே பல மாநிலங்களில் ரொம்ப காலமாக நடைமுறையில் இல்லாமல் இருந்தது.

இங்கே வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த நடைமுறை தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையே வராது என்று நினைக்கிறோம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிச்சிகனில் சொத்து வரி கோடையில் ஒரு பில், குளிர்காலத்தில் ஒரு பில் என்று இரண்டு தவணையாக வரும். நகராட்சியோ டவுன்ஷிப்போ வசூலிக்கும். 2021-ஆம் ஆண்டு வரி கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் 1 அன்று அந்தப் பாக்கி கவுண்டியின் ட்ரெஷரர், அதாவது பொருளாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். அன்றிலிருந்து மாதம் ஒரு சதவீதம் வட்டி, அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம். 2023 மார்ச் 1-ல் அடுத்த படி. வட்டி ஒன்றரை சதவீதமாகிவிடும், அதுவும் முன்தேதியிட்டு. பத்திரத்தைத் தேடிப் பார்த்த செலவும் நம் தலையில் ஏறும். அப்புறம் பதிவுத் தபால்கள், வாசல் கதவில் ஒட்டும் நோட்டீஸ், செய்தித்தாளில் விளம்பரம், நீதிமன்ற விசாரணை. 2024 மார்ச் 31-க்குள் முழுத்தொகையையும் கட்டாவிட்டால் வீடு கவுண்டியுடையது. ஏப்ரல் 1 காலையில் போய் மொத்தப் பணத்தையும் கவுண்டரில் கொட்டினாலும் வாங்க மாட்டார்கள்.

வரி வசூலிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை, நூலகம் எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஒருவர் கட்டாவிட்டால் அந்தச் சுமை அடுத்த வீட்டுக்காரர் மேல் விழும். மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து, பலமுறை சொல்லிப் பார்த்து, கடைசியில் வீட்டை விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்வது ஒரு அரசாங்கத்துக்குத் தேவையான அதிகாரம். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை பாக்கிக்கு மேலே மீந்த பணத்தைப் பற்றியது.

ரஃபேலி வழக்கில் 2020 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அந்த மிச்சம் உரிமையாளருடையது என்று தீர்ப்பளித்தது. மாநில அரசியல் சட்டப்படி, தகுந்த ஈடு கொடுக்காமல் ஒருவர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிப் பாக்கி அளவுக்கு எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் அது பறிப்பு. அதே வழக்கில் இன்னொருவரும் இருந்தார். ஆர்ச்சர்ட் லேக் பகுதியில் இரண்டே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம், சுமார் 6,000 டாலர் பாக்கி, 82,000 டாலருக்கு ஏலம். அவருக்கும் ஒரு சென்ட் திரும்பி வரவில்லை.

நாடு முழுவதற்குமான பதில் மூன்று ஆண்டு கழித்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் 94 வயது மூதாட்டி ஜெரால்டின் டைலர். மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரத்தில் 1999-ல் ஒரு படுக்கையறை கொண்ட சின்ன காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு வாங்கினார். தனியாக வாழ்ந்துவந்த அவருக்கு அங்கே பாதுகாப்பாக இல்லை என்று பட்டதால், 2010-ல் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்கு மாறிப்போனார். அதன்பின் காண்டோவின் வரி நின்றுவிட்டது. 2015-க்குள் வரி சுமார் 2,300 டாலர், வட்டியும் அபராதமும் சுமார் 13,000 டாலர், ஆக 15,000 டாலர் பாக்கி. ஹெனபின் கவுண்டி அதை 40,000 டாலருக்கு விற்றது. 25,000 டாலர் மிச்சம். அது கவுண்டிக்கும் நகரத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் பங்கு பிரிந்தது.

2023 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக டைலர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இந்த நாட்டில் இப்போது ஒன்பது பேரும் ஒத்துப்போகும் விஷயம் எத்தனை இருக்கிறது? தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா வரை பின்னால் போகிறது. செத்துப்போனவர் அரசனுக்கு வைத்த கடனுக்காக அவர் பொருள்களை எடுக்க வரும் அதிகாரி, கடன் அடைந்ததும் மீதியை வாரிசுக் காரியம் பார்ப்பவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். இராயனுடையதை இராயனுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வரியும் தீர்ப்பில் வருகிறது. எனக்கு இன்னும் பிடித்தது வேறொரு வாதம். அதே மினசோட்டாவில் ஒரு வங்கி வீட்டை ஏலம் போட்டால் மிச்சத்தை உரிமையாளருக்குத் தந்தாக வேண்டும். பாக்கி வர வேண்டியது வங்கிக்கு என்றால் ஒரு சட்டம், தனக்கு என்றால் இன்னொரு சட்டம் என்று ஒரு மாநிலம் தனக்கு வசதியாக எழுதிக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்த அன்று நானும் சந்தோஷப்பட்டேன். இனி இந்த அநியாயம் முடிந்தது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு 1956-ல் வந்த நெல்சன் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க் நகரத்தில் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான கட்டடங்கள். தண்ணீர்க் கட்டணம் பாக்கி. ஒரு கட்டடத்துக்குப் பாக்கி 65 டாலர், நகரம் அதை 7,000 டாலருக்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. வந்த பில்களையும் நோட்டீஸ்களையும் கணக்கெழுதுபவரே உரிமையாளர்களிடம் காட்டாமல் மறைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதிருந்த உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. மிச்சத்தைக் கேட்பதற்கு நியூயார்க் சட்டத்தில் ஒரு வழி இருந்தது, உரிமையாளர் அந்த வழியில் உரிய காலத்தில் கேட்கவில்லை, ஆகவே நகரம் வைத்துக்கொள்ளலாம் என்றது. டைலர் தீர்ப்பு இந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்யவில்லை. மினசோட்டாவில் கேட்பதற்கு ஒரு வழியே இல்லை, அங்கேதான் வித்தியாசம் என்று சொல்லி அதைத் தொடாமல் தாண்டிப் போனது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிலைமை புரியும். மிச்சம் உங்களுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்க மாநிலம் ஒரு வழியைத் திறந்து வைத்து, ஒரு படிவமும் ஒரு கடைசித் தேதியும் கொடுத்துவிட்டால், அந்தத் தேதியைத் தவறவிட்டவருக்கு அது போனது போனதுதான். மாநிலங்கள் இதை வேகமாகப் புரிந்துகொண்டன.

எங்கள் மிச்சிகனையே பாருங்கள். ரஃபேலி தீர்ப்புக்குப் பிறகு 2020 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ச் 31-ல் வீடு போகிறது. மிச்சத்தில் எனக்கு உரிமை உண்டு, கேட்கப் போகிறேன் என்று அறிவிக்கும் 5743 எண் படிவத்தை நிரப்பி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஜூலை 1-க்குள் பதிவுத் தபாலிலோ நேரிலோ சேர்க்க வேண்டும். ஏலம் எப்போது? பெரும்பாலும் அதற்குப் பிறகு, கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும். அதாவது வீடு எவ்வளவுக்குப் போகும், மிச்சம் என்று ஒன்று வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாத நேரத்தில், வீடு போன அதிர்ச்சியில் சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவித்துக்கொண்டிருக்கும் மூன்று மாதத்துக்குள், இன்னும் பிறக்காத பணத்துக்கு மனுப் போட வேண்டும். போடாதவருக்கு, ஏலத்தில் ஒரு லட்சம் மிஞ்சினாலும் கிடையாது.

ஜூலை 1-க்குள் போட்டுவிட்டாலும் வேலை முடியவில்லை. அடுத்த ஜனவரியில் கவுண்டியிலிருந்து கடிதம் வரும். எவ்வளவுக்கு விற்றது, எவ்வளவு பாக்கி, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பிப்ரவரி 1-க்கும் மே 15-க்கும் நடுவில் சர்க்யூட் நீதிமன்றத்தில் தனியாக ஒரு மனுத் தாக்கல் செய்ய வேண்டும். விற்ற விலையில் ஐந்து சதவீதம் கவுண்டியின் விற்பனைக் கமிஷன். வீட்டின் மேல் வேறு வில்லங்கம் இருந்தால், அதாவது வங்கிக் கடனோ காண்டோ சங்கத்தின் பாக்கியோ இருந்தால், உரிய காலத்தில் கேட்ட அவர்களுக்கும் அவரவர் முறைப்படி பங்கு போகும். கடைசியில் நிற்பதுதான் வீட்டுக்காரருக்கு.

வரிக் காலத்தில் வார இறுதி நாட்களில் வயதானவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இடத்தில் நான் தொண்டு செய்கிறேன். அங்கேதான் இந்த விஷயம் எனக்குத் தாளிலிருந்து இறங்கி மனிதராக வந்தது. அங்கே வந்த ஒரு அம்மாவுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் இறந்துவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறார். கணவர் உயிரோடு இருந்தபோது இரண்டு பேர் பெயரிலும் வாடகைக்கு விட ஒரு காண்டோ வாங்கியிருந்தார்கள், வேறொரு கவுண்டியில். கடன் முழுக்க அடைந்த வீடு. குடியிருந்தவர் காலி செய்தபின் பூட்டிக் கிடந்தது. வரி பில் போய்ச் சேரும் முகவரி அந்தக் காண்டோவின் முகவரியாகவே இருந்தது. இவர் குளிர்காலம் முழுவதும் மகளோடு சென்னையில் இருப்பார். பில்கள், பதிவுத் தபால் சீட்டுகள், கதவில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் யாருமில்லாத வீட்டுக்கு வந்து யாருமில்லாமலே கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஏப்ரலில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னபோது வீடு போய்ச் சில வாரம் ஆகியிருந்தது.

ஒரு துணிப்பையில் அத்தனை கடிதங்களையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வருமான வரி வேலை எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வீட்டை மீட்க வழியில்லை என்று நான் சொன்னதை அவர் அமைதியாகவே கேட்டுக்கொண்டார். மிச்சப் பணத்துக்கு மனுப் போட வேண்டும், அதற்கு இந்தத் தேதி, அப்புறம் நீதிமன்றத்தில் இன்னொரு மனு என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"வரி கட்டாதது எங்க தப்பு, எடுத்துக்கிடட்டும் தம்பி. மீதிக் காசு எங்களுதுன்னு அவங்களுக்கே தெரியுமில்ல? தெரிஞ்சும் எதுக்கு நான் போய் மனுப் போடணும்? அவங்களே அனுப்பிட மாட்டாங்களா?"

"அனுப்ப மாட்டாங்கம்மா. நாமதான் கேட்கணும்."

"கேட்கலைன்னா?"

"அவங்களே வச்சுக்குவாங்க."

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்தக் கேள்விக்குச் சட்டம் படித்தவர்கள் யாரும் எனக்குத் திருப்தியாக ஒரு பதில் சொன்னதில்லை. நிர்வாக வசதி என்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா என்பார்கள். பத்திரத்தில் பெயர் இருக்கிறது. வில்லங்கம் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கவுண்டியே காசு கொடுத்துத் தேடி வைத்திருக்கிறது, அந்தச் செலவையும் வீட்டுக்காரர் கணக்கில்தான் எழுதியிருக்கிறது. வசூலிக்கும்போது தேவைப்பட்ட பெயர்களும் முகவரிகளும் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் எங்கே காணாமல் போகின்றன?

படிவம் ஒன்றும் கடினமானது இல்லை. நோட்டரி கையெழுத்து மகனுடைய வங்கிக் கிளையிலேயே இலவசமாகக் கிடைத்தது. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்த ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். இரண்டு பேர் பெயரில் இருந்த வீட்டில் கணவர் இறந்துவிட்டதால் இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றும் சேர்த்தோம். பத்திரத்தில் கணவன் மனைவி என்று சேர்ந்து எழுதியிருந்தது பெரிய உதவி. கணவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்திருந்தால் முதலில் ப்ரோபேட் நீதிமன்றத்துக்குப் போய் வாரிசு யார் என்று நிறுவ வேண்டும், அதற்குள் ஜூலை வந்துவிடும். நீதிமன்ற மனுவை மட்டும் அவர் மகன் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தார். நியாயமான கட்டணத்தில், மணிக்கணக்குக்குச் செய்துகொடுக்கும் வழக்கறிஞர்.

ஏலம் முடிந்தபின் இன்னொரு கூட்டம் கிளம்பியது. "உங்களுக்கு அரசாங்கத்தில் பணம் இருக்கிறது" என்று கடிதங்கள், அழைப்புகள். எந்த அலுவலகத்தில், எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஒருவர் கேட்டது அதைவிட அதிகம். ஏலம் முடிந்தபின் பொதுவில் கிடைக்கும் பட்டியலைப் பார்த்து, பெயரைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் மறைத்து விற்கும் தகவல் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டால் இலவசமாகக் கிடைப்பது. சட்டத்தில் இவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் இல்லை. தொலைந்துபோன வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பணம் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழில் பிழைப்பதே, கேட்காதவருக்குக் கிடையாது என்ற சட்டத்தால்தான். கவுண்டி நேராகக் காசோலை அனுப்பினால் இந்தக் கூட்டத்துக்கு வேலையே இல்லை.

டெக்ஸஸ் மாநிலம் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் நம்மவர்கள் நிறைய இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அங்கே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைகளில் வரி ஏலம் நடக்கும். மிச்சம் நீதிமன்ற எழுத்தரிடம், அதாவது கிளர்க்கிடம் போய்ச் சேரும். 25 டாலருக்கு மேல் மிச்சம் இருந்தால் அவர் பழைய உரிமையாளருக்குத் தபாலில் தெரிவிக்க வேண்டும். கேட்பதற்கு விற்பனை நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். உரிமையை வேறொருவர் விலைக்கு எழுதி வாங்க வேண்டுமானால், பணம் நீதிமன்றத்துக்கு வந்து 35 நாள் முடிந்த பிறகுதான் வாங்க முடியும், அதுவும் கேட்கக்கூடிய தொகையில் குறைந்தது 80 சதவீதத்தைக் கொடுத்து. வழக்கறிஞர் வாங்கிக் கொடுத்தால் அவர் கட்டணம் 25 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. ஆகவே டெக்ஸஸில் யாராவது உங்களிடம் பாதிக்குப் பாதி பங்கு கேட்டால், அந்தத் தொலைபேசியை அங்கேயே வைத்துவிடலாம். அங்கே இன்னொரு நல்லதும் உண்டு. குடியிருக்கும் வீடாக இருந்தால் ஏலத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்குள் மீட்கலாம். முதல் ஆண்டில் 25 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 50 சதவீதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் வலி.

கலிஃபோர்னியாவில் வாங்கியவர் பெயரில் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஒரே ஆண்டு. ஜார்ஜியாவில் ஐந்து ஆண்டு கழித்து மாநிலத்தின் கைக்குப் போகும். மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும், அலுவலகம் மாறும். கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணன் சொன்ன தேதியை மிச்சிகனில் இருக்கும் தம்பி நம்பக் கூடாது.

இதையெல்லாம் சொல்லும்போது, வரி கட்டாதவர்களுக்கு இவ்வளவு பரிதாபமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாதவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்தில் கேரி ஜோன்ஸ் என்பவர் முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டினார். கடன் தவணையோடு வரியையும் சேர்த்து வாங்கி வங்கியே வருடா வருடம் கட்டிவந்தது. 1997-ல் கடன் தீர்ந்தது. அதோடு வரி கட்டுவதும் நின்றது. அவர் அப்போது அந்த வீட்டில் இல்லை. மாநிலம் அனுப்பிய பதிவுத் தபால் வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போனது, வீடு விற்பனைக்குப் போனது. 80,000 டாலர் பெறும் என்று சொல்லப்பட்ட வீடு 21,042 டாலருக்கு விலை பேசப்பட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தபால் திரும்பி வந்தது தெரிந்தபின் சும்மா இருக்கக் கூடாது, சாதாரணத் தபாலில் அனுப்பலாம், கதவில் ஒட்டலாம், செய்யக்கூடியது எதையாவது செய்திருக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியதும் ராபர்ட்ஸ்தான்.

நம்மவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஜோன்ஸின் கதையைத்தான். கடன் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வங்கி வரி கட்டிக்கொண்டிருக்கும் வரை நாம் பில்லைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கடன் அடைந்த நாளைக் கேசரி கிளறிக் கொண்டாடுகிறோம். அன்றிலிருந்து பில் நம் பொறுப்பு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஊருக்கே திரும்பிப் போனவர்கள் பலர் இங்கே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு போகிறார்கள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் வங்கிக் கணக்கில் பார்ப்பார்கள். கவுண்டியின் ஏட்டில் இருப்பதோ, பத்து ஆண்டுக்கு முன் காலி செய்த அபார்ட்மெண்ட் முகவரி. தபால்துறையில் முகவரியை மாற்றிவிட்டேன் என்பது போதாது, அது ஒரு ஆண்டில் முடிந்துவிடும். வரி வசூலிக்கும் அலுவலகத்தில் தனியாக மாற்ற வேண்டும்.

டெட்ராய்ட்டைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நான் இருக்குமிடத்திலிருந்து அரை மணி நேரத் தூரம். 2011-க்கும் 2015-க்கும் இடையில் அந்த நகரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு சொத்து வரிப் பாக்கிக்காகப் போனது. மாநில அரசியல் சட்டப்படி வரிக்கான மதிப்பீடு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. 2008-க்குப் பிறகு வீட்டு விலை சரிந்தபோது நகரம் மதிப்பீட்டை அதற்கேற்பக் குறைக்கவில்லை. கட்ட வேண்டியதே இல்லாத வரிக்காக வீட்டை இழந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வறுமை காரணமாக வரி விலக்கு பெறத் தகுதி இருந்தும், விண்ணப்பம் இருப்பதே தெரியாமல் இழந்தவர்களும் இருக்கிறார்கள். அன்றைய அக்டோபர் ஏலத்தில் ஆரம்ப விலை 500 டாலர். அந்த விலைக்குப் போன வீட்டில் மிச்சம் எங்கிருந்து வரும்? மிச்சத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு எதையும் தராது. பாட்டி காலத்திலிருந்து குடியிருந்த வீடு, ஒரு பழைய காரின் விலைகூட இல்லாமல் போயிருக்கிறது. நாம் புறநகர்களில் புது வீடுகளில் இருந்துகொண்டு, அந்தத் தெருக்களைக் காரில் கடக்கும்போது கதவைப் பூட்டிக்கொள்கிறோம். அந்தப் பாழடைந்த வீடுகளில் எத்தனை இப்படி வந்தவை என்று நாம் கேட்டதில்லை.

தஞ்சாவூர் அம்மாவுக்கு அடுத்த ஆண்டு கோடையில் காசோலை வந்தது. கமிஷனும் காண்டோ சங்கத்தின் பாக்கியும் வழக்கறிஞர் கட்டணமும் போக வந்த தொகை, வீட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் கையில் ஒன்று வந்தது. அதே ஏலத்தில் போன மற்றவர்களில் எத்தனை பேர் ஜூலை 1-க்குள் படிவம் போட்டிருப்பார்கள் என்பதுதான் அன்று என் மனதில் ஓடியது.

மிச்சிகன் சட்டத்தில் உடனே மாற்ற வேண்டியது அந்த ஜூலை 1 தான். ஏலம் முடிந்து, மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தபின், அந்தத் தொகையைக் கடிதத்தில் எழுதி உரிமையாளருக்கு அனுப்பி, அன்றிலிருந்து காலக்கெடுவை எண்ணலாம். வேறு யாரும் உரிமை கேட்காத இடத்தில் மனுவே இல்லாமல் பத்திரத்தில் இருப்பவருக்குக் காசோலை அனுப்பலாம். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய வரியோ தேவையில்லை. மாநிலத் தலைநகர் லான்சிங்கில் இருக்கும் நம் தொகுதிப் பிரதிநிதிக்கு நான் எழுதியிருக்கிறேன். ஓட்டு உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள், 5743 படிவத்தின் கடைசித் தேதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். மார்ச் 31-ல் வீடு போனவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஏலம் நடந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே அவர்களைக் கூப்பிட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.